ஏழு மூலை வகுப்பறை

ஆசிரியர்களில் அடிக்கிறவர், அடிக்காதவர், தூங்குகிறவர், ட்யூஷன் எடுக்கிறவர் என்று பல வகை உண்டு. அவர்களைப் பற்றிப் போதுமான அளவு எழுதியாகிவிட்டது. அவர்களும் படித்துச் சிரித்துவிட்டுப் பழையபடியே இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது இந்த வரிசையில் சேராத ஓர் இனம். கல்வி இலாகாவில் இந்த இனத்துக்குத் தனிப் பெயர் கிடையாது. நாமாக ஒன்று வைத்துக்கொள்வோம்: சூழ்நிலைக்காரர்.

சூழ்நிலைக்காரரை எப்படி அடையாளம் காண்பது? மிகச் சுலபம். பஸ்ஸில் நீங்கள் வேர்க்கடலை தின்று முடித்துப் பொட்டலக் காகிதத்தைக் கசக்கப் போகிறீர்கள். பக்கத்து ஸீட்டு மனிதர், அதுவரை உங்களோடு ஒரு வார்த்தை பேசாதவர், "சார், சார், கசக்காதீங்க" என்று கையை நீட்டுகிறாரா? அவர்தான். டீக்கடையில் பல்பு ஃப்யூஸ் ஆனால் கடைக்காரருக்கு வருத்தம். இவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. கல்யாணப் பத்திரிகை வந்தால் முகூர்த்த நேரத்தைப் பார்க்கமாட்டார், அட்டையின் கனத்தைத் தடவிப் பார்ப்பார். சிகரெட் பிடிக்காதவர், ஆனால் சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித்தாளுக்காகச் சிகரெட் பிடிக்கிறவர்களோடு சிநேகமாக இருப்பார். உலகத்தில் உள்ள பொருள்களை இவர் இரண்டாகப் பிரித்திருக்கிறார். வகுப்பறையில் மாட்டக்கூடியவை, இனிமேல் மாட்டக்கூடியவை. குப்பை என்று மூன்றாவது வகை இவர் கணக்கில் இல்லை.

இந்த இனத்தின் தாரக மந்திரம் ஒன்றே ஒன்று: "செலவே இல்லை." அதற்கு அடுத்தபடி: "முதல்ல சூழ்நிலை அமையட்டும், படிப்பு தானா வரும்." படிப்பு வந்ததா என்று கேட்டால், சூழ்நிலை இன்னும் முழுதாக அமையவில்லை என்று பதில் வரும். இதில் தவறு கண்டுபிடிக்க யாராலும் முடியாது. நானும் முயன்று பார்த்திருக்கிறேன்.

ஒரு மாதிரிக்கு, எனக்குத் தெரிந்த ஒருவரைச் சொல்கிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் தங்களைத்தான் சொல்கிறேன் என்று வருத்தப்படக் கூடாது. அந்தக் கவலை எனக்கு நிறைய உண்டு. ஆகவே பெயரை மாற்றி ஆதிநாராயணன் என்று வைத்திருக்கிறேன். ஊரின் பெயரைச் சொல்லப் போவதே இல்லை. கூரையை மட்டும் மாற்ற முடியவில்லை.

ஆதிநாராயணன் கண்ணமங்கலத்துக்காரர். எழுபதுகளின் பின்பாதியில் ஜவ்வாது மலையில் ஓர் ஓராசிரியர் பள்ளிக்கு மாற்றலாகிப் போனார். படவேட்டுப் பக்கம் பஸ்ஸை விட்டு இறங்கி, மலையேறி, ஓடையைத் தாண்டி, இத்தோடு ஏற்றம் முடிந்தது என்று நினைக்கிற இடத்திலிருந்து மறுபடியும் ஏறினால் ஊர். சாமையும் புளியும் விளைகிற ஊர். வார ஆரம்பத்தில் ஏறினால் வாரக் கடைசியில்தான் இறங்குவார்; படுக்கையும் பள்ளிக்கூடத்தில்தான். பள்ளிக்கூடம் என்பது ஒரே அறை. மண் சுவர், புல் கூரை. அவர் போன மறுவருஷம் ஐப்பசியில் அடித்த காற்று அந்தக் கூரையில் பாதியைக் கொண்டுபோய்விட்டது. மீதிப் பாதி மரியாதைக்காக நின்றுகொண்டிருந்தது.

இந்த அறையில்தான் ஆதிநாராயணன் தன் லட்சிய வகுப்பறையைக் கண்டார்.

ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் யாரோ ஒரு புண்ணியவான் ஒரு நாள் கரும்பலகையில் ஒரு வகுப்பறையை வரைந்து காட்டியிருக்கிறார். வாசிப்பு மூலை, இயற்கை மூலை, கணக்கு மூலை, கைத்தொழில் மூலை என்று மூலைக்கொரு பெயர். மணி அடித்ததும் அவர் பலகையை அழித்துவிட்டுப் போய்விட்டார். ஆதிநாராயணன் மட்டும் அந்த அறையை விட்டு வெளியே வரவேயில்லை. வருஷங்கள் போகப் போக அந்த அறை அவருக்குள் வளர்ந்தது. அறிவியல் மூலை சேர்ந்தது. சுகாதார மூலை சேர்ந்தது. பிள்ளைகள் மற்ற மூலைகளில் களைத்துப்போனால் உட்கார்ந்து சிந்திப்பதற்கு அமைதி மூலை என்று ஒன்றும் சேர்ந்தது. ஆக ஏழு மூலைகள். மலை மேல் அவருக்கு அரசாங்கம் கொடுத்த அறைக்கு மூலை நான்கு. அதில் ஒன்றை ஆடுகள் உரசி உரசிச் சரித்துவிட்டிருந்தன.

இதெல்லாம் ஒரு சூழ்நிலைக்காரரைத் தடுத்து நிறுத்துமா? பிள்ளைகள் பதினாறாம் வாய்ப்பாட்டை மலைக்குக் கேட்கும்படி கத்திக்கொண்டிருக்க, அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வெறும் சுவரைப் பார்த்தபடி நிற்பார். ஒரு அடி பின்னால் வருவார். தலையைச் சாய்ப்பார். "இங்க சந்திரன்" என்பார். வாய்ப்பாடு முடிந்து பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருப்பதே அவருக்குத் தெரியாது. வாத்தியார் யோசிக்கிறார் என்று பிள்ளைகள் நினைத்தார்கள். சுவரும் அப்படித்தான் நினைத்திருக்கும்.

சூழ்நிலைக்காரர்களின் மனைவிமார் தனி இனம். அவர்களைப் பற்றி எழுத எனக்குத் தைரியம் இல்லை. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கண்ணமங்கலத்து வீட்டில் அம்சவல்லி கேட்டதை மட்டும் சொல்கிறேன்.

"என் பச்சைப் புடவை எங்க?"

"அது பழசாச்சே அம்சா."

"பழசுதான். பொங்கலுக்கு எடுத்த பழசு. எங்க?"

"ஜன்னலுக்குத் திரை தெச்சிட்டேன்."

"உங்க ஸ்கூல்ல ஜன்னலே இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"திரை ரெடியா இருந்தா ஜன்னல் தன்னால வரும்."

"அப்படின்னா நான் ஒரு சாவிக்கொத்து வாங்கி இடுப்புல சொருகிக்கறேன். மாடி வூடு தன்னால வரட்டும்."

ஆதிநாராயணன் கோபித்துக்கொள்ளவில்லை. அவர் பார்வை அவள் கையில் இருந்த வளையலின் மேல் இருந்தது. சனி கிரகத்துக்கு ஒரு வளையம் தேவைப்பட்டது.

இனிமேல்தான் கவனமாகக் கேட்கவேண்டிய விஷயம். அந்தத் தை மாதம் ஊர் நாட்டாண்மை மாதையன் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். அதிகம் பேசாதவர். பாதிக் கூரையை ஒரு தடவை பார்த்தார்.

"வாத்தியாரே, புல்லு முத்தி நிக்குது. ஊரு கூடினா ஒரே நாள்ல வேய்ஞ்சி குடுத்துடுவோம். இன்னா சொல்றீங்க?"

"வேணாங்க நாட்டாண்மை. நமக்கு ஓடு வரப்போவுது."

ஆதிநாராயணன் சொன்னது பொய் இல்லை. அந்த வருஷம் மலைப் பள்ளிகளில் ஏதாவது ஒன்றுக்கு ஓட்டுக் கூரை போடப் பணம் ஒதுக்கியிருந்தார்கள். பங்குனிக்குள் இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு பள்ளியாக வந்து பார்ப்பார். எது ரொம்பவும் மோசமோ அதற்குத்தான் ஓடு.

"புல்லு போட்டுட்டா, கூரை கீதுன்னு எழுதிக்கினு போய்டுவாருங்க."

மாதையன் யோசித்தார். புல் வருஷத்துக்கு ஒரு தடவைதான் அறுப்பு. விட்டால் மாடு தின்றுவிடும். அடுத்த தை வரை கூரைக்குப் புல் இல்லை. அதற்கு நடுவில் ஐப்பசி வரும். போன ஐப்பசியில் மழைக்காகப் பள்ளிக்கூடத்தை மூடியபோது ஆடு மேய்க்கப் போன பிள்ளைகளில் பலர் திரும்பி வரவே இல்லை. மாதையன் மகள் பாஞ்சாலை வந்தாள். வந்தாள் என்று சொல்வதைவிட, மாதையன் கையைப் பிடித்து இழுத்துவந்து உட்காரவைத்தார் என்று சொல்லவேண்டும். அந்த வீட்டில் எழுத்துக்கூட்டிப் படிக்கிற முதல் ஆள் அவள். இன்னொரு ஐப்பசிக்கு அவள் ஆட்டோடு போனால், அடுத்த முறை இழுத்து வர முடியாது. அதற்குள் பெண் கேட்டு வந்துவிடுவார்கள். இது மாதையனுக்குத் தெரியும்.

"ஓடு நிச்சயம் வருமா?"

"வராம எங்க போவுது?"

"சரி. உங்க பேச்சை நம்பி வுட்டுடறேன்" என்று மாதையன் போனார். புல்லை மாடுகள் தின்றன.

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதன் என்ன செய்வான்? பாதிக் கூரையைத் தொடாமல் அப்படியே விட்டுவைப்பான். இன்ஸ்பெக்டர் வந்ததும் ஒரு விரலைத் தூக்கி மேலே காட்டுவான். அவ்வளவுதான் வேலை. ஒரு விரல் போதும். ஆனால் ஒரு சூழ்நிலைக்காரரை நம்பி ஒரு விரலைக்கூட ஒப்படைக்க முடியாது. வெறும் அறையையா ஓர் அதிகாரிக்குக் காட்டுவது? கூரை இல்லாத அறை என்பதற்காக அலங்காரமும் இல்லாமலா இருக்கவேண்டும்?

மாசி முழுக்க வேலை நடந்தது. காவி மண்ணும் கரியும் குழைத்து வடக்குச் சுவர் முழுதும் உலக வரைபடம். ஃப்யூஸ் போன பல்புகளுக்குச் சாயம் தடவி, மிச்சமிருந்த பாதிக் கூரையிலிருந்து நவகோள்கள். பால் டப்பாக்களில் செடிகள். புளியங்கொட்டையால் உயிரெழுத்துகள், பன்னிரண்டில் ஒன்பது ஒட்டி நின்றன. ஜன்னல் வரப்போகிற இடத்தில் பச்சைத் திரை. ஏழு மூலைகளுக்கும் அட்டைகள் எழுதி, மூலை கிடைக்காதவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டினார். அமைதி மூலை கணக்கு மூலைக்கு மேலே தொங்கியது.

கெங்கம்மாள் என்று ஒருத்தி, பக்கத்துக் குடிசைக்காரி, வாயாடி என்று பெயர் வாங்கியவள், ஒரு நாள் எட்டிப் பார்த்தாள்.

"இது இன்னா வாத்தியாரே, சுவுத்துல தேமல் படர்ந்தா மாதிரி?"

"உலகம்மா. இந்த உலகமே இதுல அடக்கம்."

"நம்ம ஊரு எங்க கீது?"

"நம்ம ஊரா? இங்க... இந்தப் புள்ளி கூடப் பெருசு."

"அதான் கூரை பறந்தது ஒருத்தனுக்கும் தெரியல" என்றாள் கெங்கம்மாள். வாசலைத் தாண்டும்போது திரும்பி நின்று இன்னொன்றும் சொன்னாள். "கூரை இல்லாததைக் காட்டறதுக்குத்தானே அந்த ஆபீசர் வர்றாரு? இல்லாததைக் காட்ட இத்தினி சாமானா?"

ஆதிநாராயணன் மனம் அதற்குள் அறையை விட்டு வெளியே போய்விட்டிருந்தது. வரவேற்பு வளைவு ஒன்று வேண்டும். அதிகாரி ஊருக்குள் கால் வைக்கும் இடத்திலேயே சூழ்நிலை தொடங்கவேண்டும் அல்லவா?

ஊர் எல்லையில் ஒற்றையடிப் பாதையின் இரண்டு பக்கமும் இரண்டு மரங்கள், யாரோ வளைவு கட்டுவதற்காகவே நட்டு வைத்த மாதிரி. வண்ணக் காகிதம் செலவு. புளிமூட்டை கட்டின பழைய கயிறு செலவே இல்லை. கயிறு அழுக்காக இருந்தது. அம்சவல்லியின் அடுப்படியில் மஞ்சள் செலவே இல்லை. கரைத்துக் கயிற்றில் தேய்த்தார். தேய்த்ததில் வேட்டியும் மஞ்சளாயிற்று. மாவிலையையெல்லாம் வகுப்பறை வாசலுக்கே ஒதுக்கிவிட்டதால் வளைவுக்கு வேறு இலை வேண்டும். படவேட்டு அம்மன் கோயில் பக்கம் வேம்பு ஏராளம். ஒடித்துக் கட்டாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு ஏறினார். பாதி மலையில் செருப்பு வார் அறுந்தது. அறுந்த வாரைக் கைத்தொழில் மூலைக்காகப் பையில் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு நடந்தார். பிளேடுகளும் கைத்தொழில் மூலைக்கே போயிருந்தபடியால் முகத்தில் சில வாரத்துத் தாடி.

ஆக, அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை, தாடி வளர்த்த ஒரு மனிதர், மஞ்சள் வேட்டி கட்டி, வெறுங்காலோடு, படவேட்டு அம்மன் சந்நிதிப் பக்கத்திலிருந்து வேப்பிலையைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து, யாரோடும் பேசாமல், மஞ்சள் கயிற்றில் கோத்து, ஊர் எல்லையில் பாதைக்குக் குறுக்கே கட்டினார். கட்டிவிட்டு நாலடி பின்னால் போய்த் தலையைச் சாய்த்துப் பார்த்துச் சிரித்தார்.

ஊர் முழுக்க இதைப் பார்த்தது. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

கண்ணமங்கலத்தில் திருவிழாவுக்குக் காப்பைக் கையில் கட்டுவார்கள். அந்த மலையில் ஊருக்கே கட்டுவார்கள். எல்லையில் வேப்பிலைக் கயிறு ஏறிவிட்டால் அம்மன் உள்ளே வந்துவிட்டாள் என்று அர்த்தம். உள்ளே இருப்பவர் வெளியே போகக் கூடாது; வெளியே இருப்பவர் உள்ளே வரக் கூடாது. திருவிழா நடந்து, கிடா வெட்டி, கட்டினவர் கையாலேயே கயிற்றை அவிழ்க்கிற வரைக்கும் இதுதான் சட்டம். இத்தனை நாள் அங்கே இருந்தும் ஆதிநாராயணனுக்கு இது எப்படித் தெரியாமல் போயிற்று? திருவிழாச் சமயத்தில் பள்ளிக்கு லீவு. அவர் கண்ணமங்கலத்தில் டப்பா பொறுக்கிக்கொண்டிருந்தார்.

காலையில் மேளச் சத்தம் கேட்டுக் கண் விழித்தார். வெளியே வந்ததும் தலையில் ஒரு குடம் மஞ்சள் தண்ணீர் விழுந்தது.

"ஒரு வார்த்தை சொல்லிட்டுக் கட்டியிருக்கலாம் வாத்தியாரே" என்றார் மாதையன். குரலில் பக்தியும் வருத்தமும் சரிபாதி. "புளி உலுக்கி முடிச்சிட்டு வெச்சிக்கலாம்னு இருந்தோம்."

"சொல்லிட்டா ஆச்சரியம் போய்டுமேன்னு..."

"ஆத்தா விசயத்துல இன்னா ஆச்சரியம்?"

"மரமெல்லாம் எல்லைக்கு அந்தாண்ட நிக்குது" என்று கெங்கம்மாள் கூட்டத்துக்குள்ளிருந்து குரல் கொடுத்தாள். "புளியை இனிமே கொரங்கு உலுக்கும். இவுரு கட்டிட்டு இளிச்சிக்கினு நின்னாரு பாரு!"

ஆதிநாராயணனுக்கு விஷயம் மெல்லப் புரிந்தது. "அது வரவேற்பு வளைவுங்க! இப்பவே அவுத்துடறேன்."

மேளம் நின்றது. அந்த அமைதியைக் கொண்டுபோய் அமைதி மூலையில் வைத்திருந்தால் ஏழு தலைமுறைக்குப் போதும்.

"அவுக்கறதா?" என்றார் மாதையன்.

"இல்லீங்க. இல்லீங்க. புதன்கிழமை இன்ஸ்பெக்டர் வர்றாரு, அதனாலதான்..."

"வரட்டும். கயித்துக்கு அந்தாண்ட நிக்கட்டும். கூரை இல்லன்னு சொல்றதுக்கு உள்ள வரணுமா? இங்கேர்ந்து சொன்னா கேக்காதா?"

நியாயமான பேச்சு. இன்னும் எல்லாம் சரியாகிவிடக்கூடிய நிலைமைதான். கவனியுங்கள்: ஒரு விரல்கூட வேண்டாம், இப்போது ஒரு வார்த்தை போதும்.

புதன்கிழமை இன்ஸ்பெக்டர் சக்கரவர்த்தி வந்தார். செங்கத்துக்காரர், கனத்த உடம்பு, நல்ல மனிதர். ஏறி வந்த மூச்சு அடங்குவதற்குள் வேப்பிலையைப் பார்த்தார், செருப்பைக் கழற்றினார், கும்பிட்டார். உள்ளே வரக் கூடாது என்று மாதையன் சொன்னதும் அவர் முகத்தில் தெரிந்தது ஏமாற்றம் என்று சொல்லமாட்டேன். அங்கேயே ஒரு பாறையில் உட்கார்ந்தார். கயிற்றுக்கு இந்தப் பக்கம் பிள்ளைகள் வரிசையாக உட்கார, ஊர் அவர்களுக்குப் பின்னால் நின்றது.

பாஞ்சாலையை எழுந்து படிக்கச் சொன்னார். அவள் புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு ஒரு பக்கம் முழுதும் படித்தாள். இரண்டு இடத்தில் தடுக்கினாள், தானே எழுந்தாள். மாதையன் வேறெங்கோ பார்க்கிறவர் மாதிரி மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேஷ். நல்லா படிக்குது பொண்ணு" என்றார் சக்கரவர்த்தி. "சரி, பள்ளிக்கூடம் இங்கேர்ந்து தெரியுதா?"

"தெரியாதுங்க. பாறைக்கு அந்தாண்ட கீது" என்றார் மாதையன்.

"பரவால்ல. வாத்தியாரே, எப்படி இருக்குது உங்க வகுப்பறை? சொல்லுங்க, கேக்கறேன்."

சொல்லுங்க!

இந்த ஒரு சொல்லுக்காக ஆதிநாராயணன் பயிற்சிப் பள்ளி நாளிலிருந்து காத்திருந்தார். இதுவரை யார் அவரை இப்படிக் கேட்டிருக்கிறார்கள்? அம்சவல்லியா? அவர் ஓரடி முன்னால் வந்தார். மாதையன் அவர் காதருகில் சொன்னார்: "கூரையச் சொல்லுங்க."

"வர்றேன். வரிசையா வர்றேன்."

வாசலிலிருந்து தொடங்கினார். மாவிலைத் தோரணத்தைக் குனிந்து தாண்டி உள்ளே நுழைந்ததும் எதிர்ச் சுவரில் கடல்களும் கண்டங்களும் விரிந்து கிடக்க, இடப்பக்கம் வாசிப்பு மூலை, அதில் பிள்ளைகள் தாங்களாகவே புத்தகம் எடுத்துப் படிக்க, அதை அடுத்து இயற்கை மூலையில் செடிகள் துளிர்க்க, காற்றில் பச்சைத் திரை மெல்ல அசைய, தலைக்கு மேலே கோள்கள் தத்தம் பாதையில் சுற்ற, சனிக்கு அதன் வளையம் பளபளக்க, சுகாதார மூலையில் ஒரு கண்ணாடியும் சீப்பும் இருக்க, இவை எல்லாவற்றையும் பார்த்துக் களைத்த குழந்தை போய் உட்கார அமைதி மூலை காத்திருக்க, இவ்வளவும் அரசாங்கத்துக்குச் செலவே இல்லாமல்... சக்கரவர்த்தி கண்ணை மூடிக்கொண்டார். இத்தனை வருஷச் சர்வீஸில் அவர் இப்படி ஒரு வகுப்பறையைக் கண்டதில்லை. இப்போதும் காணவில்லை.

"கூரை!" என்று கெங்கம்மாள் பின்னாலிருந்து கத்தினாள்.

"கொஞ்சம் பேசாம இரும்மா" என்றார் இன்ஸ்பெக்டர், கண்ணைத் திறக்காமல்.

"கூரையைப் பொறுத்த வரைக்கும்..." என்று ஆதிநாராயணன் ஆரம்பித்தார்.

ஆரம்பித்து நிறுத்தினார். பாதிக் கூரை போய்விட்டது, பிள்ளைகள் நனைகிறார்கள், ஓடு கொடுங்கள். இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் அவர் நின்றுகொண்டிருந்தது எந்த அறையில் என்பதை நீங்கள் மறந்துவிடக் கூடாது. இப்போதுதான் கட்டி முடித்த அறை. திரை இன்னும் அசைந்துகொண்டிருக்கிறது. அதன் தலையில் தன் வாயாலேயே ஓட்டை போட எந்தத் தகப்பனுக்கு மனம் வரும்?

"கூரை வழியா நல்ல வெளிச்சம் வருதுங்க" என்றார்.

"சபாஷ்" என்று சக்கரவர்த்தி பேனாவை எடுத்தார்.

"வெளிச்சம் மட்டும் இல்லீங்க, மழையும் வருது!" மாதையன் கயிற்றின் மேல் படும் அளவுக்கு முன்னால் வந்துவிட்டார். "பாதிக்கு மேல கூரையே இல்லீங்க சாமி!"

இன்ஸ்பெக்டர் சிரித்தார். "நாட்டாண்மை, நான் பாக்காத ஊரா? எல்லா ஊர்லயும் கூரை இல்லன்னுதான் சொல்றாங்க. உள்ளதை வெச்சிக்கினு சிறப்பா நடத்தறேன்னு ஒரு வாத்தியார் சொல்லி இன்னிக்குத்தான் கேக்கறேன். இவரை வெச்சிக்கினு உங்களுக்கு இன்னா குறை?"

வகுப்பறைச் சூழல் மிகச் சிறப்பு, வெளிச்சமும் காற்றோட்டமும் போதுமானவை, கட்டடத்துக்கு அவசரத் தேவை இல்லை என்று எழுதினார். மறுபடியும் கயிற்றைக் கும்பிட்டார், செருப்பை மாட்டினார், இருட்டுவதற்குள் இறங்கவேண்டும் என்று போய்விட்டார். ஓடு வேறொரு பள்ளிக்குப் போயிற்று. அந்த வாத்தியார் விரலை மேலே காட்டியவர்.

ஊர் ஆதிநாராயணனை ஒன்றும் செய்யவில்லை. காப்புக் கட்டினவரை அடிக்கக் கூடாது. ஆனால் காப்புக் கட்டினவர் ஒருவேளைதான் சாப்பிடவேண்டும், தரையில்தான் படுக்கவேண்டும், கிடா அவர் செலவில்தான் வரவேண்டும். கெங்கம்மாள் தன் பட்டியிலேயே பெரிய கிடாவாகப் பார்த்து அவருக்கு விற்றாள். செலவே இல்லாத வகுப்பறைக்கு ஆன முதல் செலவு அது.

"நீங்கதான் சொன்னீங்களே, கூரை வழியா வெளிச்சம் வருதுன்னு. படுத்துக்கினே நட்சத்திரம் எண்ணுங்க" என்று ஆசீர்வாதமும் செய்துவிட்டுப் போனாள்.

மாதையன் அப்புறம் அவரிடம் கூரையைப் பற்றிப் பேசவே இல்லை. புல்லைத் தேடி இரண்டு மலை தாண்டிப் போய்ப் பார்த்தார். எங்கும் மாடு மேய்ந்த கட்டைதான் நின்றது.

ஐப்பசி வந்தது. முதல் மழையில் உலகம் கரைந்தது. ஐரோப்பா ஆப்பிரிக்காவின் மேல் வழிந்தது. கடல்கள் காவி நிறத்தில் தரைக்கு இறங்கி வாசிப்பு மூலையில் தேங்கின. புதனும் வெள்ளியும் விழுந்து உடைந்ததால் பிள்ளைகளை எழுப்பி ஒரு பக்கமாக நிற்கவைத்தார். நின்றுகொண்டே ஒரு பாடம் நடந்தது. அதற்குள் வாசலில் மாதையன், தலையில் கோணிப்பை போட்டுக்கொண்டு. இன்னொரு கோணியைக் கையில் வைத்திருந்தார்.

"பாஞ்சாலை, வா."

அவள் புத்தகத்தைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்தாள். கோணியை அவள் தலையில் போட்டுவிட்டு, மாதையன் வாத்தியாரைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"மழை வுட்டா சொல்லி அனுப்புங்க."

அடுத்தடுத்துக் கோணிகள் வந்தன. கடைசிப் பிள்ளையும் போனபிறகு ஆதிநாராயணன் அறையில் தனியாக நின்றார். நனைந்துகொண்டுதான் நின்றார். வடக்குச் சுவரைப் பார்த்தார். ஒரு அடி பின்னால் போனார். தலையைச் சாய்த்தார்.

"இந்த ஈரத்துல பாசி நல்லா பிடிக்கும்" என்றார். "இயற்கை மூலைக்கு. செலவே இல்லை."

பாஞ்சாலை திரும்பி வந்தாளா என்று என்னைக் கேட்காதீர்கள். ஆதிநாராயணனைக் கேட்டால், அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் என்ன வைக்கலாம் என்று யோசித்திருப்பதைச் சொல்வார்.

இப்போது நீங்கள் கொஞ்சம் நிம்மதியாக இருக்கிறீர்கள். நாம் வாத்தியார் இல்லையே, மலை மேல் இல்லையே, எண்பதுகள்கூட முடியப்போகிறதே என்று. எனக்கு அந்த நிம்மதி இல்லை. இந்த இனம் கடல் தாண்டியும் பரவியிருக்கிறது; நான் வந்து சேர்ந்த குளிர் தேசத்தில் கனவு இன்னும் கெடாமல் நிற்கிறது. நல்ல மேஜை வந்ததும் எழுதலாம் என்று காகிதம் வாங்கிவைத்திருப்பவர், வீடு சரியானதும் அம்மாவை வரவழைக்கலாம் என்று திரைத்துணிக்கு நிறம் தேடிக்கொண்டிருப்பவர், இவர்களையெல்லாம் நான் தினமும் பார்க்கிறேன். சவரம் செய்துகொள்ளும்போதுகூடப் பார்க்கிறேன்.

உங்கள் பரணில் எதற்காவது ஆகும் என்று எடுத்துவைத்த டப்பாக்கள் எத்தனை? எடுத்து எண்ண வேண்டாம். எண்ண ஆரம்பித்தால் அடுக்கத் தோன்றும், அடுக்கினால் சாயம் அடிக்கத் தோன்றும். யாராவது உங்களிடம் அன்பாக, "எப்படி இருக்கு எல்லாம்? சொல்லுங்க" என்று கேட்டால், நீங்கள் எங்கேயிருந்து ஆரம்பிப்பீர்கள்? வாசலில் தோரணத்திலிருந்தா?

ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். பதில் சொல்வதற்கு முன்னால் தலையைத் தூக்கி மேலே பாருங்கள். நல்ல வெளிச்சம் வருகிறதா?